மூன்றாம் இலக்கச் சப்பாத்து

அறுபது பேருக்குப் பதினொரு துவக்கு.
அதில் மூன்றுக்கு ரவை பொருந்தாது.
இதை எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் நாங்கள் போடவில்லை.
போட்டதெல்லாம் விடியலைப் பற்றி.

என் வேலை விடியல் அல்ல, பருப்பு.
பகலில் கெய்சர் வீதியில்
ஆணியும் பூட்டும் கம்பிவலையும் விற்கிற கம்பனிக்குக்
கணக்கெழுதுவேன்.
ஐந்தரைக்குப் பிறகு
அதே பேனையால் இயக்கத்தின் கணக்கு.
பருப்பு நான்கு மூட்டை. ரோச் பட்டரி இருபது பெட்டி.
சவர்க்காரம். காயத்துக்குக் கட்டும் துணி.
மலேரியாக் குளிசை, கிடைத்தால்.
கிடைக்கவில்லை.

நேமி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்பான்.
லஞ்சத்துக்கு யார் தருவான் பற்றுச்சீட்டு என்றேன்.
"தேநீர் என்று எழுதுங்கோ, தோழர்."
அந்த மாதம் நாங்கள்
மூவாயிரம் ரூபாய்க்குத் தேநீர் குடித்திருக்கிறோம்.

பம்பலப்பிட்டியில் ஒரு டாக்டர் வீடு.
அவர் மனைவி ஐநூறு ரூபாயை
கல்யாண அழைப்பிதழ் உறைக்குள் வைத்து
படலைக்கு மேலால் நீட்டினார்.
"இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."
அதையும் வரவில்தான் எழுதினேன்.

கொட்டாஞ்சேனை அல்பிரட்
பத்துப் பேர் தருவதாகச் சொன்னான். நாலு பேர் வந்தார்கள்.
இரண்டு பேர் ஏரோபுளொட் பிடித்துக்
கிழக்கு பெர்லினுக்குப் போய்விட்டார்கள்.
ஒருத்தனைக் கோட்டை ஸ்டேசனில்
யாழ்தேவி வெளிக்கிடுமுன்
அவன் அம்மா கொலரில் பிடித்து இறக்கினாள்.
மிஞ்சினவன் அல்பிரட்டின் தம்பி.
அவனிடம் வேறெங்கும் போகக் காசில்லை.

காட்டிலிருந்து மாதம் ஒருமுறை
சிகரட் பெட்டித் தாளில் அளவுகள் வரும்.
பெயர் இல்லை, ஊர் இல்லை, இலக்கம் மட்டும்:
எட்டு, எட்டு, ஒன்பது, ஏழு.
மலிபன் வீதியில் உவைஸ் நானாவிடம்
கறுப்புக் கன்வஸ் கடனுக்கு எடுப்பேன்.
புட்போல் கிளப் என்பேன்.
"நல்லா வெளையாடுறாங்களா?" என்பார்.

கார்த்திகையில் வந்த தாளில்
ஐந்து. நான்கு. நான்கு. மூன்று.
எழுத்துப் பிழையோ என்று
பல்ப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மூன்றுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

நானா மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கித் தூசு தட்டினார்.
"இந்த சைஸ்ல கறுப்பு வாற இல்ல தம்பி.
வெள்ளதான்.
இஸ்கூல் சப்பாத்து."
விளையாட்டைப் பற்றி அன்று அவர் கேட்கவில்லை.

வெள்ளை காட்டுக்குள் தெரியும்.
இருபத்திரண்டு சோடியையும்
அறைக்குக் கொண்டுபோய் வாளியில் ஊறவைத்தேன்.
பச்சைச் சாயம் இரண்டு பக்கற்,
அவித்த தேயிலை அரை றாத்தல்.
(நேமி, இது மெய்யான தேநீர். குறித்துக்கொள்.)
முழங்கை வரை பாசி பிடித்த கைகளோடு
மொட்டைமாடிக் கொடியில் நாடாவால் கட்டித் தொங்கவிட்டேன்.
மழைக்காலம். காயவில்லை.
மூன்று நாளாகக் குதியால் சொட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கார மிசிஸ் கபிரியேல் மேலே வந்து பார்த்தார்.
பள்ளிக்கூட நாடகம் என்றேன்,
பிள்ளைகள் மரமாக நிற்கிறார்கள்.
"பாவங்கள்," என்றார்,
"அசையாம எல்லோ நிக்கவேணும்."

சீனி மூட்டைகளுக்கு அடியில் போனது சாமான்.
மதவாச்சியில் சுமணபால தேநீர் கொடுத்துக் கடந்தான்.
பருப்பு சேர்ந்தது. பட்டரி பாதி சேர்ந்தது.
சப்பாத்தைப் பற்றி ஒரு தாளும் வரவில்லை.
தையில் தாளே வரவில்லை.

மாசியில், பாதிக் கடனோடு
நானாவின் கடைக்குப் போனேன்.
எண்ணாமல் வாங்கி லாச்சிக்குள் போட்டார்.
"அளவு சரியா இருந்திச்சா?"

கொஞ்சம் பெரிசு என்றேன்.

கொப்பியைத் திறந்து,
விரலில் எச்சில் தொட்டு,
என் பக்கத்தைத் தேடி எடுத்தார்.
புட்போல் கிளப் என்று போட்டிருந்தது.
மீதி எழுநூற்று நாற்பது.